காயலான் கடைக்கு அனுப்பும் முன்: பழைய கார்டன் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் மனையோடு வீடு வாங்கி, கொட்டகையில் கிடந்த பழைய மஞ்சள் டிராக்டரையும் சேர்த்து வாங்கியவர்களுக்கு இந்த மடல். அது நான்கு வருடமாக ஓடவில்லை, இடத்தை அடைக்கிறது, இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருக்கும். குறைந்த விலைக்கு வாங்கி, ஹூட் தனியாக, ஹிட்ச் தனியாக, ஸ்டார்ட்டர் தனியாக என்று கூறு போட்டு விற்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ஸ்பேனரை எடுத்துப் பிரிப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமையை அந்த வண்டிக்குக் கொடுங்கள். செத்துப்போனதாகச் சொல்லப்படும் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு வந்திருப்பது சளிக்காய்ச்சல்தான்.

எந்த வண்டிகளைச் சொல்கிறோம் என்பதில் குழப்பம் வேண்டாம். கடைகளில் இன்று வரிசையாக நிற்பவை லான் டிராக்டர்கள். தகட்டை மடித்துச் செய்த சட்டம், புல் வெட்டுவது மட்டுமே வேலை. கார்டன் டிராக்டர் என்பது மண்ணில் கலப்பை இறக்கி இழுப்பதற்குக் கட்டியது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கென்டக்கியின் லூயிவில் ஆலையில் 1960 கடைசியில் தொடங்கிய கப் கேடட் கார்டன் டிராக்டரின் பின்பக்க கியர் பெட்டி, ஃபார்மால் கப் என்ற வயல் டிராக்டரின் வழியில் வந்தது. ஜான் டியர் 110 விஸ்கான்சினின் ஹொரிகானில் 1963இல் வந்தது. இந்தியானாவின் சவுத் பெண்டில் பிறந்த வீல் ஹார்ஸ், 1974இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் கைக்கும் 1986இல் டோரோ கைக்கும் போனது. கப் கேடட்டை 1981இல் எம்.டி.டி. என்ற நிறுவனம் வாங்கியது. வண்ணமும் பெயரும் வேறானாலும், இவற்றில் பலவற்றின் ஹூட்டைத் தூக்கினால் உள்ளே இருப்பது ஒரே குடும்பம்: கோலர் கே-சீரிஸ். ஒற்றை சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும் ஃப்ளாட்ஹெட். கே161 என்றால் 7 குதிரைசக்தி, கே181 என்றால் 8, கே241 என்றால் 10, கே301 என்றால் 12, கே321 என்றால் 14, கே341 என்றால் 16. இந்த மடலில் எஞ்சின் என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

முதலில் சாவியைத் திருப்பாதீர்கள். ஆயில் குச்சியை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால், கார்புரேட்டர் மிதவையின் ஊசி அடைக்காமல் பெட்ரோல் வழிந்து ஆயிலில் கலந்திருக்கிறது. அந்த நீர்த்த ஆயிலோடு ஓட்டினால் அரை மணி நேரத்தில் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) போய்விடலாம். ஆயிலை இறக்கி எஸ்.ஏ.இ. 30 புதிதாக ஊற்றுங்கள். 10 முதல் 16 குதிரைசக்தி வரை ஏறத்தாழ 2 குவார்ட் பிடிக்கும், ஆனால் கணக்கைவிடக் குச்சியின் கோடுதான் முக்கியம். அடுத்து, எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலை மூடியிருக்கும் தகட்டுக் கூட்டைக் கழற்றுங்கள். பாதி வண்டிகளில் அதற்குள் எலிக்கூடு இருக்கும். கூலிங் ஃபின்களுக்கு நடுவே காய்ந்த புல்லும் எண்ணெயும் சேர்ந்து செங்கல் போல இறுகியிருக்கும். அப்படியே ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்பு) ஊதிப் போவதற்கு அதுவே போதும்.

பிளக்கைக் கழற்றி, ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் நல்லது. சுற்றாவிட்டால் "ஜாம் ஆகிவிட்டது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மழை எப்படி உள்ளே போகிறது தெரியுமா? செங்குத்தான சைலன்சர் வழியாக. எஞ்சின் நின்றபோது எக்ஸ்ஹாஸ்ட் வால்வு திறந்திருந்தால், தண்ணீர் நேரே சிலிண்டரில் இறங்கி, பிஸ்டன் நிற்கும் இடத்தில் ஒரு துரு வளையத்தைப் போட்டுவிடும். இதற்கு செல்ஃப் அடித்துப் பார்ப்பதும், பிளக் துளையில் கம்பியை விட்டுச் சம்மட்டியால் அடிப்பதும்தான் எஞ்சினை உண்மையிலேயே கொல்லும் வழி. ஃப்ளாட்ஹெட்டில் ஹெட்டைக் கழற்றுவது அரை மணி வேலை. கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் சரிபாதி கலந்து பிஸ்டன்மேல் ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். அசிட்டோன் ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். பிறகு பிஸ்டன்மேல் மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டி, ஃப்ளைவீலை முன்னும் பின்னும் அரை இன்ச் அரை இன்ச்சாக அசைத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், கார்புரேட்டரில் கை வைக்காதீர்கள். முதலில் நெருப்பைப் பாருங்கள். பிளக்கை ஒயரில் மாட்டி, அதன் உடம்பு எஞ்சின் இரும்பில் படும்படி, துளையிலிருந்து தள்ளிப் படுக்க வைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். பொறி இல்லையா, மஞ்சளாக நோஞ்சானாக இருக்கிறதா? பேட்டரி பாசிட்டிவிலிருந்து, பொறியை உண்டாக்கும் காயிலின் பாசிட்டிவ் முனைக்கு நேராக ஒரு ஒயரைப் பிடித்து மறுபடி பாருங்கள். இப்போது பொறி வந்தால் காயிலும், காயிலின் கரண்ட்டை வெட்டி வெட்டிப் பொறி வரவைக்கும் சின்ன ஸ்விட்ச்சான பாயிண்டும் குற்றமற்றவை. சாவி ஸ்விட்ச் அல்லது பாதுகாப்பு ஸ்விட்ச்சில் கரண்ட் செத்துவிடுகிறது. அப்போதும் வராவிட்டால் பாயிண்டைத் திறக்க வேண்டும்.

கே-சீரிஸ் செய்தவர்களுக்கு இந்த ஒரு காரியத்துக்காகவே கோயில் கட்டலாம்: பாயிண்ட் ஃப்ளைவீலுக்கு அடியில் இல்லை. பிளாக்கின் பக்கவாட்டில், சின்ன மூடி ஒன்றின் கீழே உட்கார்ந்திருக்கிறது. கேம் ஷாஃப்டிலிருந்து வரும் ஒரு குச்சி அதைத் தள்ளித் திறக்கிறது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டிய இரண்டு முகங்களும் சாம்பல் பூத்திருக்கும். வருடக்கணக்கில் சும்மா கிடந்ததில் படிந்த ஆக்சைடு படலம் அது. கண்ணுக்கு லேசாகத் தெரிகிற அந்தப் படலம் 12 வோல்ட்டை நிறுத்திவிடும். நயமான அரத்தால் ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, கெட்டி அட்டைத் துண்டை ஆல்கஹாலில் நனைத்து இரண்டு முகத்துக்கும் நடுவே வைத்து, பாயிண்ட் மூடிய நிலையில் இழுங்கள். அட்டையில் கருப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை மறுபடி மறுபடி இழுக்க வேண்டும். அரத்தூள் உள்ளே தங்கினாலும், விரல் பட்ட எண்ணெய் இருந்தாலும், மறுநாள் திரும்ப அதே கதைதான். பாயிண்ட் முகங்கள் கருநீலமாகி, ஒன்றில் குழியும் மற்றதில் மேடும் இருந்தால் கண்டன்சர் போய்விட்டது என்று பொருள். பாயிண்டை மட்டும் மாற்றி கண்டன்சரை விட்டுவிட்டால் புதுப் பாயிண்டும் சீக்கிரமே அதே கதிக்கு வரும். இரண்டும் சேர்ந்தே மலிவான சாமான்தான்.

இடைவெளி ஆயிரத்தில் 20 பங்கு இன்ச், பட்டறைப் பேச்சில் 20 தௌ. ஆனால் இங்கே ஃபீலர் கேஜ் வைத்து முடித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். இடைவெளிதான் டைமிங்கும். பேரிங் பிளேட்டில் ஒரு சின்னப் பார்வைத் துளை இருக்கும். அதன் வழியே பார்த்தால் ஃப்ளைவீலில் டி, எஸ் என்று இரண்டு குறிகள் தெரியும். டி என்பது பிஸ்டன் உச்சி. எஸ் அதற்கு 20 டிகிரி முன்னே. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் எஸ் குறி துளைக்கு நேரே வரும் அந்த நொடியில் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். காயிலின் நெகட்டிவ் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு டெஸ்ட் லேம்ப்பை மாட்டி, சாவியை ஆன் செய்து, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது விளக்கு அணைந்திருக்கும், திறந்ததும் எரியும். எஸ் வரும்போது எரிய ஆரம்பிக்கும்படி பாயிண்டை நகர்த்தி இறுக்குங்கள். அப்படி வைத்தபின் இடைவெளியை அளந்தால் 20க்கு ஒன்றிரண்டு தௌ முன்பின் இருக்கலாம். கவலைப்பட வேண்டாம், எஸ் சொல்வதுதான் சரி. வேலை முடிந்ததும் சாவியை ஆஃப் செய்ய மறக்கக் கூடாது; பாயிண்ட் மூடிய நிலையில் சாவி ஆனில் இருந்தால் காயில் சூடேறிக் கருகும். காயிலில் நெகட்டிவ் முனைதான் பாயிண்டுக்குப் போக வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றி மாட்டியிருந்தாலும் ஓடும், ஆனால் பொறி சோனியாக இருக்கும்.

நெருப்பு வந்துவிட்டால் பிறகு பெட்ரோல். பழைய பெட்ரோலை வடித்துக் கொட்டிவிட்டு, ரப்பர் குழாயை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உள்ளிருந்து கரைத்து, கருப்புத் துகளாகக் கார்புரேட்டருக்கு அனுப்பும். 15 சதவீதம் கலந்ததை இந்த எஞ்சின்களில் ஊற்றுவதே கூடாது, அமெரிக்கச் சட்டத்திலும் இடமில்லை. கார்புரேட்டரில் இருக்கும் இரண்டு ஊசிகளையும் முழுக்கக் கழற்றி, துளைகளில் கார்ப் கிளீனர் அடித்து, மறுபக்கம் பீய்ச்சிக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். திரும்ப மாட்டும்போது ஊசியை விரலால் லேசாக அடிதட்டும் வரை மட்டும் திருகவும். ஸ்க்ரூட்ரைவரால் இறுக்கினால் ஊசி நுனியில் வளையம் விழுந்துவிடும், பிறகு எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் நிற்காது. தொடக்கத்துக்கு மெயின் ஊசியை ஏறக்குறைய 2 சுற்றும், ஐடில் ஊசியை ஒன்றேகால் சுற்றும் திறந்து வைத்து, சூடானபின் காதால் கேட்டுச் சரிசெய்யலாம். எவ்வளவு சரிசெய்தாலும் எஞ்சின் ஏறி இறங்கி ஊளையிட்டால், த்ராட்டில் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தேய்ந்த துளை வழியே காற்றுத் திருடப்படுகிறது. அதற்குப் புஷ் போட வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங்கைக் கம்பி போட்டு இழுத்துக் கட்டுவது வைத்தியம் இல்லை. இந்த எஞ்சின்களின் வரம்பு நிமிடத்துக்கு 3600 சுற்று.

கம்ப்ரஷன் பற்றி ஒரு விஷயம் தெரியாமல் எத்தனையோ நல்ல எஞ்சின்கள் காயலான் கடைக்குப் போயிருக்கின்றன. கே-சீரிஸின் பெரும்பாலான எஞ்சின்களில், கேம் ஷாஃப்டில் கம்ப்ரஷன் ரிலீஸ் என்ற ஒரு சின்ன அமைப்பு உண்டு. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அது எக்ஸ்ஹாஸ்ட் வால்வை மயிரிழை தூக்கி வைத்து, செல்ஃபின் பாரத்தைக் குறைக்கிறது. கம்ப்ரஷன் கேஜை மாட்டி செல்ஃப் அடித்தால் அளவு பரிதாபமாக வரும். "ரிங் போச்சு" என்று எழுதி ஒட்டிவிடுவார்கள். ஃப்ளைவீலைப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். ரிலீஸ் அந்தத் திசையில் வேலை செய்யாது. நல்ல எஞ்சினாக இருந்தால் ரப்பர் பந்தை அமுக்கியது போல எதிர்த்துத் தள்ளும். இன்னும் துல்லியமாக வேண்டுமா? பிஸ்டனை உச்சியில், இரண்டு வால்வும் மூடிய நிலையில் நிறுத்தி, பிளக் துளை வழியே காற்றைச் செலுத்துங்கள். உச்சியிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலும் எஞ்சின் சட்டென்று சுழலும், கையை உள்ளே வைத்திருக்காதீர்கள். காற்று எங்கே சீறுகிறது என்று காதை வைத்தால் போதும். சைலன்சரில் என்றால் எக்ஸ்ஹாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் என்றால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங், ஃபின்களுக்கு நடுவே என்றால் ஹெட் கேஸ்கெட்.

ஹெட் கேஸ்கெட் பழுதுதான் நாங்கள் அதிகம் பார்ப்பது. பழையதை எடுத்துப் புதியதைப் போட்டு மூடினால் மீண்டும் ஊதும், ஏனென்றால் சூட்டில் அலுமினிய ஹெட் வளைந்திருக்கிறது. ஹெட்டைச் சமதளமான கண்ணாடியின் மேல் கவிழ்த்து, விளிம்பில் 3 தௌ ஃபீலரை நுழைத்துப் பாருங்கள். எங்காவது நுழைந்தால் தேய்க்க வேண்டும். கண்ணாடியின் மேல் 220 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, மண்ணெண்ணெய் தெளித்து, ஹெட்டை இரண்டு கையாலும் பிடித்து எட்டுப் போல வளைத்து வளைத்துத் தேய்க்கவும். நாலு தேய்ப்புக்கு ஒருமுறை ஹெட்டைக் கால் சுற்றுத் திருப்பிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் வலக்கை அழுத்தும் மூலை மட்டும் தேயும். முதல் பத்து நிமிடத்தில் போல்ட் துளைகளைச் சுற்றி மட்டும் பளபளப்பு வரும். பிளக் துளைக்குப் பக்கத்தில் ஒரு தீவு போலக் கருப்பு நிற்கும். அந்தத் தீவு கரைந்து முகம் முழுக்க ஒரே மங்கல் சாம்பலாகும் வரை நிறுத்தாதீர்கள். நன்றாகக் கழுவித் துடைத்து, புது கேஸ்கெட்டை உலர வைத்தே போடவும். போல்ட்டுகளை எதிரெதிராக, மூன்று தவணையாக இறுக்க வேண்டும். 10 முதல் 16 குதிரைசக்திக்கு 25 முதல் 30 அடி-பவுண்டு. 7, 8 குதிரைசக்திக்கு 15 முதல் 20. டார்க் ரென்ச் இல்லாமல் "கை தெரியும்" என்று இறுக்குகிறவர்கள்தான் பிளாக்கில் மரையை உரிக்கிறவர்கள்.

ஹெட் கழன்றிருக்கும்போதே வால்வு இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். குளிர்ந்த நிலையில், பெரிய எஞ்சின்களுக்கு இன்டேக் 8 முதல் 10 தௌ, எக்ஸ்ஹாஸ்ட் 17 முதல் 20. சின்னவற்றுக்கு 6 முதல் 8, 15 முதல் 17. பெரியவற்றில் டேப்பெட் திருகு உண்டு. கே161, கே181 இரண்டிலும் அது கிடையாது, வால்வுத் தண்டின் அடியை அரைத்துத்தான் இடைவெளி வரவழைக்க வேண்டும். அதிகம் அரைத்துவிட்டால் திரும்ப வளர்க்க முடியாது. தௌ தௌவாக அரைத்து அளக்கவும்.

எஞ்சின் எண்ணெய் வடிக்கிறது, புகைக்கிறது என்றாலும் உடனே ரிங்கைக் குற்றம் சொல்ல வேண்டாம். எஞ்சினுக்குள் ஏறும் அழுத்தத்தை வெளியே விடும் பிரீதரை, வால்வு அறையை மூடியிருக்கும் இடத்தில், கழற்றிக் கழுவுங்கள். அதன் மெல்லிய தகட்டு வால்வு ஒட்டிக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, சீல் வழியாக எண்ணெய் தள்ளப்படும். ஒரு கேஸ்கெட் விலையில் முடியும் வேலை அது.

சிலிண்டர் உண்மையிலேயே தேய்ந்திருந்தால்? வார்ப்பிரும்பு பிளாக்கின் அருமை அங்கேதான். 10, 20, 30 தௌ பெரிய பிஸ்டன்கள் வரிசையாகக் கிடைத்து வந்திருக்கின்றன. அதாவது மூன்று தடவை போரிங் போட இடம் உண்டு. இதே நிலையில் உள்ள புது மலிவு எஞ்சினைத் தூக்கித்தான் போட வேண்டும்.

இனி மரணம் என்றே சொல்லத்தக்க ஒன்று: ராடு உடைந்து பிளாக்கில் ஜன்னல் போட்டது. இந்த எஞ்சினில் ஆயில் பம்ப் இல்லை. ராடின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கரண்டி போன்ற துண்டு ஆயிலை அள்ளித் தெளிக்கிறது, அவ்வளவுதான். ஆயில் குறைந்தால், அல்லது சரிவான இடத்தில் வெகுநேரம் ஓடினால், கரண்டிக்கு ஆயில் எட்டாது. ராடு அலுமினியம், ஷெல் பேரிங் கிடையாது, நேரே கிராங்க் பின்னில் சுழல்கிறது. காய்ந்தால் அலுமினியம் உருகி கிராங்கில் ஒட்டிக்கொள்ளும். பிளாக் உடையாமல் இந்த நிலையில் பிடித்துவிட்டால் கிராங்க் தப்பிக்கும். ஒட்டிய அலுமினியத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலம் தொட்ட பஞ்சால் கரைத்து எடுக்கலாம். கையுறை, கண்ணாடி, திறந்த வெளி மூன்றும் கட்டாயம். பிறகு சோடா மாவுக் கரைசலால் கழுவி, நயமான உப்புத்தாளில் மெருகேற்றி அளந்து பாருங்கள். வட்டம் கெடாமல் இருந்தால் அப்படியே போடலாம், கெட்டிருந்தால் 10 தௌ அரைத்து அதற்கேற்ற ராடு. ராடு போல்ட்டின் டார்க், போல்ட்டின் பருமனையும் ராடின் வகையையும் பொறுத்து மாறும். யாரோ சொன்ன எண்ணை நம்பாமல் அந்த ராடுக்கான கணக்கைச் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். தொப்பியும் ராடும் குறி பொருந்தித்தான் சேர வேண்டும்.

பெரிய எஞ்சின்கள் சிலவற்றில் அதிர்வைக் குறைக்க இரண்டு பேலன்ஸ் கியர் வைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அவற்றின் ஊசி பேரிங்குகள் தேய்ந்து கியர் உடைந்தால் உள்ளிருந்தே பிளாக்கைப் பிளந்துவிடும். எஞ்சினைத் திறந்துவிட்டீர்கள் என்றால் அவற்றை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். அதிர்வு கொஞ்சம் கூடும், ஆயுள் அதைவிடக் கூடும்.

சார்ஜ் ஏறவில்லை என்பது இன்னொரு பொய் மரணம். 1960களின் பல வண்டிகளில் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே உருளை, பெல்ட்டில் ஓடும். பேட்டரி மாதக்கணக்கில் கழன்றிருந்தால் அது தன் காந்தத் திசையை மறந்துவிடும். எஞ்சின் நின்றிருக்கும்போது, ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு ஒயரால் ஒரு நொடி தொட்டு எடுத்தால் நினைவு திரும்பும். பிறகு வந்த ஃப்ளைவீல் ஆல்டர்னேட்டர் வண்டிகளில் இதைச் செய்யக் கூடாது. அவற்றில் முதலில் ரெக்டிஃபையரின் உடம்பு துருவில்லாமல் எர்த் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி மாட்டாமல் ஓட்டவும் வேண்டாம்.

பின்பக்கப் பெட்டிக்கு வருவோம். கப் கேடட்டில் எஞ்சினிலிருந்து பின்னுக்குப் போவது பெல்ட் இல்லை, ஒரு தண்டு. கியர் மாற்றும்போது அரைபட்டால் கியர் போய்விட்டது என்று நினைப்பார்கள். அநேகமாக கிளட்ச்சில் உள்ள சின்ன டீசர் ஸ்பிரிங் உடைந்திருக்கும், அல்லது தட்டுகளைப் பிடிக்கும் சுருள் பின் முக்கால்வாசி அறுந்து தண்டின் துளையை முட்டை வடிவாக்கியிருக்கும். ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி (கியருக்குப் பதில் ஆயில் பம்ப்பின் அழுத்தத்தால் ஓடுவது) நியூட்ரலில் நிற்காமல் ஊர்ந்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் பம்ப் அல்ல, வேக லீவர் அசைக்கும் டிரன்னியன் தட்டின் பள்ளத் தேய்மானம். அதை வெல்டு வைத்து நிரப்பி, கால் இன்ச் தண்டு தொளதொளக்காமல் நகரும்படி அரம் போட்டால் லீவரின் ஆட்டம் நின்றுவிடும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. குளிர்காலத்தில் அது உறைந்தால்தான் உண்மையான ஆபத்து. இறக்கிவிட்டு ஹை-டிரான் என்ற டிரான்ஸ்மிஷன் ஆயிலை ஊற்றி, அரை மணி ஓட்டி, மறுபடி இறக்கி ஊற்றுங்கள். ஹைட்ரோ வண்டிக்கு 7 குவார்ட், கியர் வண்டிக்கு 7 பைன்ட். இரண்டையும் குழப்பி ஊற்றியவர்கள் நிறைய. ஹைட்ரோவின் ஃபில்டரை மறக்க வேண்டாம்.

வீல் ஹார்ஸின் பின்சக்கர ஹப் அச்சிலிருந்து எளிதில் கழன்று வராது. யாருக்கும் அப்படித்தான். செட் ஸ்க்ரூவை முழுதாக வெளியே எடுத்தபின், ஹப்பின் போல்ட் துளைகளையே பிடியாக வைத்து ஒரு தடித்த தட்டைக் கட்டி, நடு போல்ட்டால் அச்சை அழுத்தி, இரவெல்லாம் அந்த இழுவையிலேயே விடுங்கள். காலையில் கொஞ்சம் சூடு, ஒரு தட்டு. விளிம்பில் கொக்கி மாட்டும் புல்லரைப் போட்டால் வார்ப்பிரும்பு விளிம்பு பிஸ்கட் போல உடையும். உடைத்து விற்கிறவர்களிடமிருந்து வருகிற ஹப்புகளில் இந்தக் காயம் அடிக்கடி தெரிகிறது.

சிலர் பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டுப் புதிதாக மலிவு எஞ்சினைப் பூட்டலாம் என்கிறார்கள். வீல் ஹார்ஸில் ஓரளவு நடக்கும். கப் கேடட்டுக்கு முன்னால் பி.டி.ஓ. கிளட்ச்சுக்கு (புல்வெட்டி போன்ற கருவிகளுக்குச் சக்தி தருவது) ஒரு முனை, பின்னால் தண்டுக்கு ஒரு முனை, இரண்டும் வேண்டும். அடாப்டர், தாங்கி, பெல்ட் வரிசை என்று செலவு கூடும்போது பழைய எஞ்சினுக்கு ரிங்கும் கேஸ்கெட்டும் போட்டிருக்கலாமே என்று தோன்றும்.

இத்தனையும் பார்த்து, பிளாக்கில் ஜன்னல், சட்டத்தில் முறிவு, பெட்டியில் விரிசல் என்று உறுதியானால், தாராளமாகப் பிரியுங்கள். உதிரி கிடைப்பதால்தான் மற்றவை ஓடுகின்றன, அந்தத் தொழிலை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் பிரிக்கிற விதம் ஒன்று உண்டு. எஞ்சினின் மாடல், ஸ்பெக், சீரியல் எண்கள் உள்ள தகடு ஃப்ளைவீலை மூடும் தகட்டுக் கூட்டில்தான் இருக்கிறது. எஞ்சினை ஒருவருக்கும் கூட்டை இன்னொருவருக்கும் விற்றால், இரண்டு பேருமே அடுத்த பாகத்தை ஊகித்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். டில்லரை விற்கும்போது அதன் தாங்கிச் சட்டம், பெல்ட் திருப்பும் புல்லிகள், தூக்கும் கம்பி எல்லாம் அதோடு போக வேண்டும். தாங்கி இல்லாத டில்லர் வெறும் கத்திக் கூட்டம், டில்லர் இல்லாத தாங்கி வெறும் இரும்பு. போல்ட்டுகளைக் கழற்றிய துளையிலேயே திரும்ப மாட்டி வையுங்கள். ஒயரிங்கை வெட்டாமல் முனையில் கழற்றுங்கள். கேஸ் கட்டிங் வேண்டாம்.

கிளட்ச், பிரேக் லைனிங்குகளில் அந்தக் காலத்து ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டிப் போடுங்கள். ஓடுகிறது என்று காட்டுவதற்காகக் கிளட்ச் ஸ்விட்ச்சைச் சுருக்குவழி போட்டிருந்தால், விற்கும் முன் அதைப் பிரித்துவிடுங்கள். கியரில் இருக்கும் வண்டியைப் பக்கத்தில் நின்று ஸ்டார்ட் செய்தவர்மேல் பின்சக்கரம் ஏறும். வாங்குகிறவருக்கு நீங்கள் போட்ட ஒயர் தெரியாது.

உங்கள் வண்டி எந்த நிலையில் நின்றாலும், விளம்பரம் போடும்போது மூன்று விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: ஃப்ளைவீல் கையால் சுற்றுகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா, பின்பெட்டி ஆயிலின் நிறம் என்ன. "ஓடவில்லை, எதற்கென்று தெரியாது" என்ற வரியைவிட அந்த மூன்றும் உங்களுக்கே நல்ல விலை வாங்கித் தரும்.

இப்படிக்கு,
பழைய கார்டன் டிராக்டர்களைப் பழுது பார்க்கும் சிலர்